ராணுவத் தொப்பி வைத்தால் முகம் ஏன் மாறிவிடுகிறது?

ஜூன் 3, 2024 – கேள்வி

பென்சிலில் முகம் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன். ராணுவ உடையில் யாரை வரைந்தாலும், மூக்கு கோணலாக வந்தால்கூட, தொப்பி வைத்ததும் வீட்டில் "யாரோ பெரிய ஆபீசர்" என்கிறார்கள். தொப்பியை ரப்பர் போட்டு அழித்தால் அதே ஆள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் மாதிரி ஆகிவிடுகிறார். நான் முகத்தை வரைகிறேனா, தொப்பியை வரைகிறேனா?

ஜூன் 3, இரவு

வேலூரில் இருபது வருஷமாகக் காசுக்கு முகம் வரைகிறவன் நான். படத்திறப்பு, அறுபதாம் கல்யாணம், ரிட்டயர்மென்ட் என்று எல்லாம் வரும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆகவே தொப்பி வரைந்து கை காய்த்துப்போயிருக்கிறது.

என் பதில் ஒரே சொல்: நிழல். பீக் கேப், அதாவது முன்னால் விளிம்பு நீட்டிய ஆபீசர் தொப்பி, கண்மேல் நிழல் போடுகிறது. எதிரில் நிற்பவருக்கு அவர் கண் சரியாகத் தெரியாது, அவருக்கு நம் முகம் முழுக்கத் தெரியும். பாதி அதிகாரம் அதிலேயே வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் கார்ட்ஸ் படைகளில் அந்த விளிம்பு கிட்டத்தட்ட செங்குத்தாக மூக்கை நோக்கி இறங்கும். வழி தெரியவேண்டும் என்றால் தாடையைத் தூக்கித்தான் பார்க்கவேண்டும். தாடையைத் தூக்கியவன் நம்மைக் கீழ்நோக்கிப் பார்க்கிறான். தையற்காரர் செய்த வேலை, பெயர் வாங்குவது ஆபீசர்.

இன்னொன்று, தொப்பி நெற்றியை மூடுகிறது. மனுஷனுடைய கவலை எல்லாம் எழுதிவைத்திருக்கிற இடம் அது. அதை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது தாடையும் மீசையும்தான்.

ஜூன் 4

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். நிழல் கணக்கு பீக் கேப்புக்கு மட்டும்தான் சரி. ஒரு பக்கம் சரிந்து உட்காரும் கம்பளித் தொப்பியான பெரேக்கு முன்விளிம்பே கிடையாது, அதிகாரம் அதிலும் இருக்கிறது. லண்டன் அரண்மனைக் காவலர்களின் கரடித்தோல் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். சாதாரணமாகத் தலையை வரையும்போது கண்கோடு நட்டநடுவில் வரும். இந்தத் தொப்பியோடு சேர்த்துக் கட்டம் போட்டால் கண் கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு இறங்கிவிடும். மேலே நான்கு பங்கும் கறுப்பு மயிர். முகம் என்பது அந்தத் தொப்பிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன விஷயம்.

அதனால் நிழல், உயரம் என்று ஒவ்வொரு தொப்பிக்கும் ஒவ்வொரு தந்திரம் இருக்கிறது. ஒரே சொல்லில் பதில் சொன்னது தப்பு.

இப்போது கையில் ஒரு ஆர்டர் இருக்கிறது. காலமான ஒரு ஹவில்தார், பெரே தொப்பியோடு. மகன் போனில் படம் அனுப்பியிருக்கிறார். முடிந்ததும் இங்கே சொல்கிறேன்.

ஜூன் 6

இழை ஆரம்பித்தவர் தனியாகக் கேட்டிருந்தார்: "பழகுவதற்கு நல்ல மாதிரி எது?"

லியோனார்டோ டா வின்சி இருபது சொச்சம் வயதில் வரைந்த போர்வீரன் தலை. பக்கவாட்டு முகம், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, 1475க்கும் 1480க்கும் இடைப்பட்டது. வெள்ளிக் கம்பியால் கீறி வரைந்தது. பூச்சு பூசிய தாளில் வெள்ளி முனை கோடு விட்டால் விட்டதுதான், ரப்பர் போட்டு அழிக்கிற கதையே இல்லை. தலைக்கவசத்தில் இறக்கை, சுருள் சுருளாக இலை வேலை. நெஞ்சில் ஒரு சிங்க முகம் வாயைப் பிளந்துகொண்டு கத்துகிறது.

அப்படி ஒரு கவசத்தை வைத்துக்கொண்டு எவனும் சண்டை போட்டிருக்க முடியாது, முழுக்கக் கற்பனை. ஆனால் அந்தக் கிழவரின் முகத்தைப் பாருங்கள். கீழுதடு முன்னால் தள்ளியிருக்கிறது, மூக்கு வளைந்திருக்கிறது, கழுத்துச் சதை தொங்குகிறது. சிங்கம் கத்துகிறது, கிழவர் வாயை இறுக்கி மூடியிருக்கிறார். தொப்பிக்கு அவ்வளவு வேலை செய்தும் முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இதை ஒரு தடவை பார்த்து வரையுங்கள். நான் மூன்று தடவை வரைந்தேன், மூன்று தடவையும் இறக்கை நன்றாக வந்தது, உதடு வரவில்லை.

ஜூன் 9

"நெப்போலியனை விட்டுவிட்டு இந்தப் பேச்சா?" என்று ஒருவர். சரி, வருவோம்.

அந்தக் காலத்து இருமுனைத் தொப்பியை மற்ற அதிகாரிகள் முனை முன்னும் பின்னுமாக வருகிற மாதிரி வைத்தார்கள். அவர் மட்டும் முனை இரண்டு தோளையும் பார்க்கிற மாதிரி குறுக்கே வைத்தார். புகை மண்டிய களத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் யார் என்று தெரியும். முராத் மாதிரியான மார்ஷல்கள் இறகும் சரிகையுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல வருவார்கள். நடுவில் இவர் வெறும் கறுப்புத் தொப்பி, அதில் சின்னதாக மூவர்ண வில்லை, அவ்வளவுதான். எல்லோரும் மின்னுகிற இடத்தில் மின்னாதவன் மேல்தான் கண் போகிறது.

அந்த ஆள் பதினைந்து வருஷத்தில் சுமார் 120 தொப்பி வைத்திருந்தார். 2023 நவம்பரில் ஃபோன்தேன்ப்ளோவில் ஒன்று 19 லட்சத்து 32 ஆயிரம் யூரோவுக்கு ஏலம் போனது. முகத்துக்கு இந்த விலை யார் கொடுப்பார்கள்?

டேவிட் 1801இல் வரைந்த, குதிரை மேலே எழும்பி நிற்கிற ஆல்ப்ஸ் படம் எல்லோருக்கும் தெரியும். நெப்போலியனை எதிரில் நிறுத்திவைத்து வரைந்தது.

ஜூன் 10

கடைசி வரி தப்பு. ஒருவர் உடனே பிடித்துவிட்டார், நன்றாகவே பிடித்தார். நெப்போலியன் உட்காரவே மறுத்துவிட்டார். டேவிட் தன் மகனை ஏணி மேல் உட்காரவைத்து வரைந்தார். உடையும் தொப்பியும் மட்டும் நிஜம், மாரெங்கோ போரில் போட்டிருந்ததை இரவல் வாங்கிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ஆள் வரவில்லை, தொப்பி வந்தது. படத்துக்கு அது போதுமாக இருந்தது. அதே படத்தை 1805க்குள் மொத்தம் ஐந்து தடவை வரைந்தார்கள்.

நிஜத்தில் 1800 மே மாதம் அவர் மலை ஏறியது கோவேறு கழுதை மேல். ஐம்பது வருஷம் கழித்து தெலரோஷ் என்பவர் அதைத்தான் வரைந்தார். பனி, வழிகாட்டி ஒருவன், களைத்துப்போன கழுதை, சாம்பல் கோட்டு, குளிரில் சுருங்கிய முகம். அதிலும் தொப்பி இருக்கிறது. ஆனால் அது வெறும் தொப்பி, தலை நனையாமல் இருக்க வைத்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தொப்பியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் வேலை கிடப்பில் கிடக்கிறது.

ஜூன் 11

பாரிஸ் வாந்தோம் தூண் கதை இன்னும் ருசி. 1810இல் உச்சியில் வைத்த நெப்போலியன் சிலை ரோமாபுரிச் சீசர் வேஷத்தில், தலையில் வாகை முடி. 1814இல் ஆட்சி போனதும் அதை இறக்கினார்கள். 1833இல் லூயி பிலிப் ராஜா காலத்தில் புதுச் சிலை ஏறியது. இந்தத் தடவை சீசர் கிடையாது. கோட்டு, குறுக்கே வைத்த தொப்பி, ஜனங்கள் நினைவில் வைத்திருந்த ஆள். பிறகு தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் வந்தார். பெரியப்பா தொப்பியோடு நிற்பது அவருக்கு அந்தஸ்துக் குறைச்சலாகப் பட்டதோ என்னவோ, 1863இல் அதை இறக்கிவிட்டு மறுபடியும் சீசரை ஏற்றினார். 1871இல் பாரிஸில் புரட்சி செய்த கம்யூன்காரர்கள் தூணையே சாய்த்தார்கள். பிறகு நிமிர்த்தி வைத்தார்கள். இன்றைக்கும் மேலே நிற்பது சீசர்தான். தொப்பிக்காரர் அதே ஊரில் இன்வாலிட் என்ற ராணுவ மாளிகையின் முற்றத்தில் மாடியில் நின்று கீழே பார்க்கிறார்.

சாம்ராஜ்யத்துக்கு மகுடம் வேண்டியிருந்தது. தெருவில் இருந்தவன் தொப்பியைத்தான் ஞாபகம் வைத்திருந்தான்.

ஜூன் 11, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஸ்டொய்பன் என்ற ஓவியர் 1826இல் செய்தது ஒன்று இருக்கிறது. நெப்போலியன் வாழ்க்கையை எட்டுத் தொப்பியில் சொல்லியிருக்கிறார். முகமே கிடையாது. ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, ஒன்றின் பின்னால் வெயில் அடிக்கிறது, ஒன்றின் பின்னால் மாஸ்கோ எரிகிறது, ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. முகத்தை எடுத்துவிட்டும் உருவப்படம் நிற்கிறது.

கேள்வி கேட்டவரே, வீட்டில் சொன்னது சரிதான். நீங்கள் தொப்பியைத்தான் வரைகிறீர்கள்.

ஜூன் 15

"சே குவேராவைச் சொல்லாமல் இழை முடியுமா?" முடியாதுதான். பெரே வைத்த அந்தப் பிரபல போட்டோவைக் கோர்தா என்ற போட்டோகிராபர் எடுத்தது 1960 மார்ச் 5, ஹவானாவில் கப்பல் வெடிவிபத்தில் செத்தவர்களுக்கான இரங்கல் கூட்டத்தில். பக்கத்தில் இருந்த ஆளையும் மரத்தையும் வெட்டிவிட்டுத்தான் நாம் பார்க்கிற படம் வந்தது. ஆட்டோ முதுகில் ஸ்டென்சில் அடிப்பவர்கள் மேற்கொண்டு எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். பெரே, நட்சத்திரம், முடி, இரண்டு கண். இதில் எதை எடுத்தால் ஆள் காணாமல் போவார் என்று மாணவர்களிடம் செய்து பார்த்தேன். கண்ணை வெள்ளையாக விட்டால்கூட அடையாளம் சொன்னார்கள். பெரேயை எடுத்ததும் "ஏதோ சாமியாரா சார்?" என்றான் ஒருவன்.

நேதாஜியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது காந்தி குல்லா. 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் மடிப்புத் தொப்பி. இரண்டும் படகு மாதிரிதான். வெறும் பென்சிலில், வெள்ளை எது காக்கி எது என்று தெரியாத அளவில், மடிப்புக் கோட்டைத் தப்பாகப் போட்டால் தலைமைத் தளபதி காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்விடுவார். சின்ன வயதில் காலண்டர் பார்த்து அப்படி ஒன்று வரைந்து பள்ளிக்கூடத்தில் பரிசும் வாங்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 22

ஆர்டர் முடிந்தது, முடிந்த கையோடு கெட்டுப்போனது.

ஏ3 தாள், கட்டம் போட்டு, 2பி பென்சிலில் ஆரம்பித்து இன்னும் கறுப்பான 6பி வரை. பெரேயின் கம்பளித் துணிக்குத் தனியாக இரண்டு நாள். அந்தத் துணியில் பளபளப்பு வரக்கூடாது, வெளிச்சத்தை விழுங்கவேண்டும். பஞ்சில் தேய்த்து, பிசைகிற ரப்பரால் மடிப்பின் மேல்முனையை மட்டும் ஒற்றி எடுத்தேன். பேட்ஜ் மட்டும் மின்னுகிறது. எனக்கே திருப்தி.

மகன் வந்து பார்த்துக் கண் கலங்கினார். கூடவே அப்பாவின் பழைய சகா ஒருவரை அழைத்து வந்திருந்தார், அதே பட்டாலியன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "யாருப்பா இது, தொப்பியை மாத்தி வெச்சிருக்கான்?"

நம் ராணுவத்தில் பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வரும், துணி வலது காது பக்கம் சரியும். என் படத்தில் எல்லாம் தலைகீழ், பேட்ஜ் வலது கண் மேல். பிரான்சு ராணுவத்தில்தான் அப்படி வைப்பார்கள். எங்கள் ஹவில்தார் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார்.

காரணம் இதுதான். மகன் அனுப்பியது செல்ஃபி. முன்கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிச் சேமித்திருக்கிறது. கழுத்துக்கு மேல்தான் படம், அதனால் பொத்தான் எந்தப் பக்கம், பதக்கம் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. பேட்ஜில் எழுத்து மங்கல், நான் அதைச் சரியான வரிசையில் "திருத்தி" வேறு எழுதியிருக்கிறேன். அங்கேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். இருபது வருஷ அனுபவம் என்று ஜூன் 3ஆம் தேதி ஜம்பம் அடித்தவன் நான்தான்.

பென்சில் படத்தைத் திருப்ப முடியாது. முதலிலிருந்து போடவேண்டும். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23

"பேட்ஜை மட்டும் அழித்து அந்தப் பக்கம் மாற்றிப் போடக்கூடாதா?" கூடாது. துணி சரிவு, நிழல், காது, எல்லாமே அதோடு கட்டிப்போட்டது. முகமும் திரும்பியதுதானே, வகிடு உட்பட.

ஜூன் 30

வேலை செய்ய மனசில்லாமல் பெர்லினில் இருக்கிற தங்கத் தலைக்கவசக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெம்பிராண்ட் வரைந்தது என்று உலகமே கொண்டாடிய படம். 1980களின் நடுவில் ஆராய்ச்சி செய்து, அவர் கை இல்லை, அவரைச் சுற்றி இருந்த யாரோ என்று சொல்லிவிட்டார்கள். கவசத்தில் சாயம் மேடாக அப்பியிருக்கிறது, தொட்டால் கையில் தட்டுப்படும் போல. முகத்தில் சாயம் மெல்லிசு, இருட்டு, கிழவர் கீழே பார்க்கிறார். கவசம்தான் எஜமான், கிழவர் அதைச் சுமக்கிற வேலைக்காரர்.

என் கெட்டுப்போன படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணிக்கு இரண்டு நாள். கண்ணுக்கு எத்தனை மணி நேரம்? ஒரு மத்தியானம்.

ஜூலை 10

இன்றைய தேதி வேலூர்க்காரனுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1806, இதே நாள் விடியும் முன்னே கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். பெரிய காரணங்கள் பல உண்டு, பற்றவைத்தது தலையில் வைக்கிற சமாச்சாரம். முந்தைய வருஷம் சென்னைப் படைத் தளபதி கிராடக் புதுத் தலைப்பாகையைக் கொண்டுவந்தார். அதில் தோல் வில்லை ஒன்று குத்தியிருந்தது, பார்க்கத் தொப்பி மாதிரியே இருந்தது. தாடி கூடாது, நெற்றியில் குறி கூடாது. தொப்பிக்காரன் என்றாலே வெள்ளைக்காரன் என்று இருந்த காலம். அதைத் தலையில் வைத்தால் நம்மையும் அவனாக்கிவிடுவான் என்று சிப்பாய் நினைத்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். ஆணையை ரத்து செய்தார்கள், தளபதியையும் கவர்னர் பென்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அதே காலத்தை ஒட்டித் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகச் சிப்பாய்களையும் அவர்கள் மனைவிகளையும் ஜோடி ஜோடியாக வரைந்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டு, குட்டைக் காற்சட்டை, தலையில் விறைப்பான தலைப்பாகை. எல்லா முகமும் ஏறக்குறைய ஒரே முகம். அதிகாரம் தொப்பியில் இருக்கிறது என்று நாம் இவ்வளவு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். யாருடைய அதிகாரம் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. நெப்போலியன் தொப்பியைத் தானே எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொண்டார். சிப்பாய்க்கு அது மேலேயிருந்து வந்து உட்கார்ந்தது. ஹவில்தாரின் பேட்ஜ் ஒரு விரற்கடை நகரமுடியாது, நகர்ந்தால் சகா வாசலிலேயே பிடித்துவிடுகிறார்.

ஜூலை 14

இரண்டாவது படம் முடிந்தது. இந்தத் தடவை கண்ணிலிருந்து ஆரம்பித்தேன், தொப்பியைக் கடைசியில் அரை நாளில் போட்டேன். பேட்ஜ் இடது கண் மேல். போனில் படத்தைத் திருப்பிவைத்துவிட்டுத்தான் கட்டமே போட்டேன்.

மகன் சென்னையில் இருப்பதால் அம்மா வந்து பார்த்தார். பழைய படமும் மேசை மேல் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல மச்சம் தப்பான பக்கம் தம்பி" என்று பழையதைத் தள்ளிவைத்தார். மச்சமும் மாறியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சகா அதைச் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. புதியதைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நெத்தியில கோடு எங்க?"

எந்தக் கோடு என்றேன்.

"தொப்பி வெச்சு வெச்சு இங்க ஒரு கோடு விழுந்திருக்கும். அதுக்கு மேல வெளுப்பு, கீழ கறுப்பு. லீவுல வந்தா முதல்ல தொப்பியக் கழட்டி ஆணியில மாட்டுவாரு. நான் பார்த்தது அந்த மூஞ்சிதான் தம்பி."

ஜூலை 15

டிஷியன் வரைந்த உர்பினோ பிரபு டெல்லா ரோவேரே ஞாபகம் வந்தது. 1536இல் ஆரம்பித்தது, ஃப்ளோரன்ஸில் உஃபிஸியில் இருக்கிறது. முழுக் கவசத்தில் நிற்கிறார், கையில் தளபதிக் கோல். தலைக்கவசம் மட்டும் தலையில் இல்லை, பின்னால் சிவப்பு வெல்வெட் விரித்த மாடத்தில் டிராகனோடு உட்கார்ந்திருக்கிறது. தலை வெறும் தலை. கவசத்தை வெனிசுக்கு அனுப்பிவைத்தவர், சீக்கிரம் திருப்பி அனுப்பு என்று அவசரப்படுத்திக் கடிதமும் எழுதினார். அவருக்கு அது வேலைக்கான சாமான்.

ஜூன் 3ஆம் தேதி "தொப்பி நெற்றியை மூடுகிறது" என்று கெட்டிக்காரத்தனமாக எழுதினேன். மூடின இடத்தில் என்ன எழுதுகிறது என்பதை யோசிக்கவில்லை.

ஜூலை 28

மூன்றாவது படம். தொப்பி இல்லை. மேலே ஓரத்தில் ஓர் ஆணி, அதில் பெரே தொங்குகிறது, பேட்ஜ்கூடத் தெரியாத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பி. அம்மா கேட்டபடி நெற்றிக் கோடு. அதை வரைவது சாதாரண வேலை இல்லை. கோடாகப் போட்டால் தழும்பு மாதிரி ஆகிவிடும். மேலே தாளை அப்படியே விட்டுவிட்டு, கீழே எச்பியில் மெல்லிய பூச்சு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பென்சிலே வைக்கக்கூடாது. நாலு நாள் ஆனது. லியோனார்டோ கிழவர் உதடு மாதிரியேதான், ஆனால் இது வந்தது.

அம்மா வாங்கிக்கொண்டு போனார். எதுவும் சொல்லவில்லை, முந்தானையால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார்.

ஆகஸ்ட் 4

கேட்டவர்களுக்கு: ஆமாம், தொப்பி வைத்த இரண்டாவது படம் இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. மகன் அதைத்தான் ஹாலில் மாட்டவேண்டும் என்கிறார், அம்மா தன் படம் போதும் என்கிறார். பிரெஞ்சுக்காரரைச் சகா எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று கேட்டேன். "சங்கத்துல காட்டிச் சிரிக்கத்தான்" என்றார். ஃபிரேமுக்கு 450 ரூபாய், அதை மட்டும் கொடுத்தார்.